கை சொன்ன சூடு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் உடனே எழுது. முழங்கால் வலி தேவலையா? லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் மாடிப்படி ஏறி ஏறி முழங்காலைக் கெடுத்துக்கொண்டான் என்று சொன்னால் எங்கள் பேக்கரியே சிரிக்கிறது.

இங்கே எங்கள் அடுப்புக்கு மூளை கலங்கிவிட்டது. நான் சூட்டைக் கையால் பார்ப்பவள் என்று உனக்குத் தெரியும். கதவைத் திறந்து உள்ளங்கையை நீட்டுவேன். எந்த இடத்தில் தாங்காமல் கையை இழுக்கிறேனோ அதுதான் கணக்கு. அடுப்படிக்கு நான் தலைவியான நாளிலிருந்து இந்தக் கை பொய் சொன்னதில்லை. இப்போதோ நீட்டினவுடனே சுடுகிறது. சூடு அதிகம் என்று தணித்துவிட்டு பிரெட்டை எடுத்தால், மேலே வெளிறிப்போய் நடுவில் பச்சை மாவாக இருக்கிறது. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிரெட் அப்படியே திரும்பி வந்தது. முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுப்பு ரிப்பேர்காரரை வரவழைத்தேன். நாங்கள் அவரை அடுப்பு டாக்டர் என்போம். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "அடுப்புக்கு ஒண்ணுமில்லம்மா, கல்லு மாதிரி இருக்கு" என்றார். என் பக்கத்தில் வேலை செய்யும் நெட்டையை உனக்குத் தெரியுமே, அவளும் தலையாட்டினாள். இருவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா சாப்பிடறீங்க, இப்படிச் செவந்திருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். குளித்தால் மட்டும் உடம்பெல்லாம் ஊசி குத்துவது போல அரிக்கிறது. சோப்பை மாற்றிவிட்டேன்.

பதில் போடு. போன் வேண்டாம், அதில் நீ பாதியைச் சிரித்தே தள்ளிவிடுவாய்.

உன் அக்கா,
தக்காளி


ஜனவரி 29

என் அன்புத் தக்காளி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது.

கடிதத்தை இவளுக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா முகத்துல பாதி எனக்கு இருந்தா போதும்" என்றாள். அப்பா சொல்வாரே, "நம்ம வீட்டு ரத்தம் இரும்பைக் கரைச்ச ரத்தம்டா" என்று! அதில் பெரும்பங்கை நீ வாங்கிக்கொண்டு மிச்சத்தை எனக்கு விட்டிருக்கிறாய் போல. நம் வீட்டில் நோய் என்று படுத்தவர்கள் உண்டா? அம்மைகூட உன்னிடம் வந்து பயந்து திரும்பிப் போனதாக அம்மா சொல்வாள்.

போன வாரம் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். மோட்டாரைப் பார்த்தோம், கயிற்றைப் பார்த்தோம், எல்லாம் ஒழுங்கு. கடைசியில் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற சின்னக் கருவி கெட்டிருந்தது. மூடின கதவைத் திறந்திருப்பதாக அது சொல்ல, லிஃப்ட் அதை நம்பி நின்றிருக்கிறது. வெளியே வந்த வக்கீல் கேஸ் போடுவேன் என்றார். நான் நொண்டுவதைப் பார்த்து விட்டுவிட்டார்.

அடுப்புக்கு ஒரு சூட்டு மீட்டர் வாங்கி மாட்டச் சொல். உன் கையைக் குறை சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன்
தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

அனைவர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. இங்கும் அப்படியே.

மீட்டர் வேண்டாம். முதலாளி வாங்கித் தருகிறேன் என்றுதான் சொன்னார். கை இருக்கும்போது மீட்டர் எதற்கு? அடுப்பு டாக்டர் மறுபடி வந்து பிரித்துப் பூட்டிவிட்டுப் போனார். இந்த முறை என்னிடம் பேசவே இல்லை.

கண்ணைக் காட்டலாமென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் நன்றாக இருக்கிறதாம். அதோடு வேறு சில டெஸ்டுகளும் எடுத்தார்கள், எடுக்கத்தானே ஆஸ்பத்திரி. இனிச் செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வெளிவேலை இருக்கும், அன்று நெட்டை அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். அவள் சுடும் பிரெட் நன்றாகவே வருகிறது.

உன் வீட்டுக்காரியிடம் என் முகத்தில் பாதியைக் கேட்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 8

பெருமைக்குரிய அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமில்லாவிட்டால் உலகத்தில் யார்தான் நலம்?

எங்களோடு வேலை செய்கிற வெல்டர் உங்கள் ஊர்க்காரன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவன் லீவில் வந்து, அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறான். அங்கே நீ ஒரு கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தாயாம். பக்கத்தில் பை நிறைய ரத்தம். லீவு முடிந்து திரும்புவதற்கு முன்னால் மறுபடி போனபோதும் அதே கட்டிலில் நீ. வந்தவுடன் எல்லோர் முன்னாலும், "உங்க அக்கா ரத்தம் குடுக்கறதப் பார்த்தேண்ணே, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை" என்றான்.

அக்கா, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கண் நிறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வெளிவேலையாம்! தம்பியிடம்கூடச் சொல்லாமல் செய்கிறாயே. ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவன் நான். என் கூடப் பிறந்தவள் யாரோ பெயர் தெரியாதவர்களுக்கு ரத்தத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் பணிமனையில் இது தெரியாதவர்கள் இல்லை. மேனேஜர்கூட அழைத்து விசாரித்தார்.

இவ்வளவு கொடுத்தால் ஊட்டம் வேண்டாமா? நல்ல இரும்புச்சத்து டானிக்காகப் பார்த்து ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தவறாமல் குடி.

தலைநிமிர்ந்து நடக்கும் உன்
தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

வெல்டர் கண்ணில் பட்டது உண்மைதான். அங்கே போகிறேன், படுக்கிறேன், எடுக்கிறார்கள். வலியில்லை. இதில் ஊரைக் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லாதே.

டானிக் உடையாமல் வந்தது. வீணாகவில்லை. ருசி நன்றாக இருப்பதாக நெட்டையும் சொன்னாள்.

உன் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். நீ என்னைப் பற்றி இப்படி எழுதி நான் படித்ததே இல்லை.

அடுப்பு அப்படியேதான் இருக்கிறது. கோடை முடிந்தால் சரியாகலாம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 24

என் உயிரான அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ சொல்லாதே என்றால் நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

மேனேஜர் கம்பெனியிலேயே ரத்ததான முகாம் வைக்கச் சம்மதித்துவிட்டார். அடுத்த மாதம். யோசனை என்னுடையது, காரணம் நீ. வாசலில் மாட்ட உன் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைத் தொப்பியோடு, சுட்ட பன்னைவிடச் சிவந்த முகத்தோடு நிற்பாயே, அந்தப் படம். இதுவரை எத்தனை முறை கொடுத்தாய், எப்படித் தைரியம் வந்தது என்று நாலு வரி எழுதி அனுப்பு. நான் மேடையில் படிக்கப்போகிறேன். அன்று நானும் கொடுப்பேன், பயத்தில் விழுந்தாலும் பரவாயில்லை.

டானிக் தீர்ந்திருக்குமே என்று இன்னொரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி


மே 6

தம்பிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

படம் வேண்டாம். நாலு வரியும் வேண்டாம். கொடுக்க வருகிறவர்கள் தங்கள் மனதுக்காகக் கொடுக்கட்டும். டானிக் போதும், இனி அனுப்பாதே.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்லபடியாகப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் இப்போது எனக்கு வேண்டும்.

உன் கடிதம் வருவதற்குள் படத்தை மாட்டிவிட்டோம். முகாமும் நன்றாக நடந்தது. முப்பத்திரண்டு பேர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், விழவில்லை. எழுந்து ஜூஸ் குடித்தபடி முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். "என் அக்கா வாரா வாரம் செவ்வாய்க்கிழமை குடுக்கறவங்க" என்றேன். அவர் சிரித்தார். "அப்படி யாரும் வாங்க மாட்டாங்களே. பொம்பளைங்கன்னா நாலு மாசம் இடைவெளி விடணும்" என்றார். நான் விடவில்லை. வெல்டரைச் சாட்சிக்கு இழுத்து வந்தேன். அவர் திரும்பி உன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அக்காவுக்குக் குளிச்சா அரிக்குமா?" என்று கேட்டார்.

நீ சோப்பை மாற்றியதாக எழுதியது நினைவுக்கு வந்தது. ஆளைப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால், ரத்தம் தேவைக்கு மேல் ஊறும் நோய் ஒன்று உண்டு, அபூர்வமாக வருவது, அதற்கு ரத்தத்தை எடுப்பதே வைத்தியம் என்றார். டானிக் அனுப்பியதைச் சொன்னேன். "டாக்டர் சொல்லாம இரும்புச்சத்து கொடுக்கவே கூடாது, முதல்ல நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

அன்று பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கடிதத்துக்குப் பிறகு நீ தக்காளி என்று கையெழுத்துப் போடவில்லை. நான் கவனிக்கவில்லை. அடுப்பை எத்தனை முறை பிரித்தாலும் கோளாறு இல்லை என்கிறார்கள். நெட்டை சுட்டால் நன்றாக வருகிறது, நீ சுட்டால் வேகவில்லை. நான் தொழில் தெரிந்தவன் அக்கா. மோட்டார் நன்றாக இருந்து லிஃப்ட் நின்றால், பார்த்துச் சொல்கிற கருவியைத்தான் சோதிக்க வேண்டும். அடுப்பு சுடவில்லை, உன் கைதான் எரிகிறது.

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். பேக்கரிக்குப் போட்டால் வேலையாக இருக்கிறாய் என்கிறார்கள். ஒன்றை மட்டும் எழுது. இரண்டு பெட்டி டானிக்கைக் குடித்தாயா? என் கையாலேயே உனக்கு விஷம் அனுப்பினேனா? பதில் வராவிட்டால் லீவு கேட்காமலே கிளம்பி வந்துவிடுவேன்.

உன் தம்பி


மே 27

என் செல்லத் தம்பிக்கு,

முதலில் இதைப் படி: ஒரு சொட்டுக்கூட நான் குடிக்கவில்லை. நெட்டைக்குச் சோகை. டாக்டர் அவளுக்கு எழுதிக்கொடுத்த மருந்தும் அதே டானிக்தான், அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. நீ அனுப்பியது விஷமில்லை. அழாதே.

இனி மறைக்க என்ன இருக்கிறது! ஒரு பொய்கூடச் சொல்லாமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், நீ சோற்றைக் கிளறிவிட்டாய். பிப்ரவரியில் ஒரு நாள் காலை, தட்டை எடுக்கும்போது ஒரு கண் இருண்டுவிட்டது. நெட்டையைக் கூப்பிட்டேன், நாக்குக் குழறியது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டுத் திறந்திருக்கிறதாம். அடுத்த முறை திறக்காமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஈஸ்ட் அளவு தெரியாமல் பொங்கினால் மாவு அச்சை விட்டு வழியும். என் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் நடப்பது அதுதான். அங்கே ஒரே ஒரு உயிரணு எப்போதோ வழிதவறி, போதும் என்ற சொல்லை மறந்துவிட்டது. அதன் வம்சம் பெருகி, சிவப்பணுவாக உற்பத்தி செய்து தள்ளுகிறது. ரத்தம் கெட்டியாகிச் சின்னக் குழாய்களில் ஓட மறுக்கிறது. முகம் சிவந்ததும், தலை பாரமும், வெந்நீர் பட்டால் வரும் அரிப்பும், விரல்களில் எரிச்சலும் எல்லாம் அதனால்தான். அந்த அணு ஏன் தவறியது என்று கேட்டேன். யாருக்கும் தெரியாதாம். அடுப்பு வெக்கையால் வந்ததில்லை, சாப்பாட்டால் வந்ததில்லை, அப்பா தந்ததுமில்லை. நீ பயப்படாதே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள். நாம் பெருமைப்பட்ட ரத்தமே மிஞ்சிப்போய்விட்டது.

ரத்தத்தை எடுக்கிறார்கள், உறையாமலிருக்கச் சின்ன மாத்திரை தருகிறார்கள். எடுக்க எடுக்க உடம்பில் இரும்பு குறையும், குறையட்டும் என்றே விடுகிறார்கள், ஏனென்றால் இரும்பு கிடைத்தால் மஜ்ஜைக்குக் கொண்டாட்டம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

முதல் நாள் பை நிறைந்ததும் நர்ஸிடம் கேட்டேன், "இது யாருக்கும்மா போகும்?" அவள் தயங்கினாள். "யாருக்கும் இல்லக்கா. இத இன்னொருத்தருக்கு ஏத்த மாட்டாங்க. கொட்டிருவோம்." நோயென்று சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. இரும்பைக் கரைத்த ரத்தம், குப்பைக்கு! அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. ரத்தம் கொடுக்கிற அக்கா என்று எழுதியிருந்தாய். இல்லையென்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அந்தப் பெயரோடு கொஞ்ச நாள் இருந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

பேக்கரியில் இன்னும் யாருக்கும் தெரியாது. என் கை பொய் சொல்கிறது என்று நானே எப்படிச் சொல்வேன்? சொன்ன அன்று அடுப்படி என் கையை விட்டுப் போய்விடும். அது இல்லாமல் நான் யார், தம்பி?

உன் அக்கா


ஜூன் 10

என் அன்புத் தக்காளிக்கு,

நாங்கள் நலம். நேற்றுத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பணிமனையில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். படத்தைக் கழற்றப்போனேன், வெல்டர் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா குடுக்கலன்னா என்னண்ணே? அக்காவப் பார்த்துத்தானே நாம குடுத்தோம். அந்த ரத்தம் நிஜந்தானே?" என்றான். படம் அங்கேயே இருக்கிறது. அடுத்த முகாமுக்குத் தேதி கேட்டிருக்கிறார்கள். இனி எனக்கு எப்போதெல்லாம் அனுமதி உண்டோ அப்போதெல்லாம் கொடுப்பேன். உன்னுடையதைக் கொட்டினால் கொட்டட்டும். நம் வீட்டு ரத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

ரத்தம் கொடுத்த அக்கா என்று பெருமைப்பட்டேன். அது ஓசியில் வந்த பெருமை. ஒரு கண் இருண்டு, விரல் எரிய, யாரிடமும் சொல்லிப் புலம்பாமல் அடுப்பின் முன்னால் நின்ற அக்காவை நினைத்தால் வருகிற பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆனால் கோபமும் இருக்கிறது. கோளாறு தெரிந்த பிறகும் 'பழுது' என்று பலகை மாட்டாமல் லிஃப்டில் ஆளை ஏற்றுகிற மெக்கானிக்கை நான் பக்கத்தில் சேர்க்க மாட்டேன். நீ பலகையை மாட்டு அக்கா. நீ யார் என்று கேட்டாய். அடுப்பு வருவதற்கு முன்பே நீ என் அக்கா.

ஆகஸ்டில் வருகிறேன், இவளும் வருகிறாள்.

உன் தம்பி


ஜூலை 3

என் தம்பிக்கு,

நலம். இந்த முறை அளந்து பார்த்துச் சொல்கிறேன்: ரத்தம் டாக்டர் கேட்ட அளவுக்கு இறங்கிவிட்டது. முகம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. "காய்த்தக்காளி" என்கிறாள் நெட்டை.

பலகை மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்தி வைத்து, அடுப்பு டாக்டரையும் வரவழைத்து, "அடுப்புமேல குத்தமில்ல, கோளாறு என் கையில" என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடுப்பு டாக்டரிடம் மன்னிப்பும் கேட்டேன். "உங்க புண்ணியத்துல அந்த அடுப்போட ஒவ்வொரு திருகாணியும் எனக்கு மனப்பாடம்மா" என்று சொல்லிவிட்டு அவரே மீட்டரை மாட்டிக் கொடுத்தார்.

வெக்கை எனக்கு ஆகாது. அடுப்படி இனி நெட்டைக்கு. முதலாளி வேண்டாம் என்றார், நான்தான் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். மாவு மேசை எனக்கு. குளிர்ந்த மாவில் கையை அழுத்தினால் எரிச்சல் அடங்குகிறது. வருத்தம் இல்லையென்று சொன்னால் அது பொய். முதல் நாள் அடுப்புக் கதவைத் திறக்கும் சத்தத்துக்குத் தானாக என் கை நீண்டது. மடக்கிக்கொண்டேன். அவள் எடுத்த பிரெட் நல்ல பழுப்பில் வந்தது. மாவு என்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

இதைக் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பேனா, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்த வரிக்கு வருவதற்குள் நர்ஸ் ஊசியை எடுத்துப் பையைக் கழற்றிவிட்டாள். எப்போதும் அவள் அதை எடுத்துப்போகும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். இன்று திரும்பவில்லை.

"கொட்டிரும்மா, பரவாயில்ல. இதே ரத்தத்தை என் தம்பி குடுக்கறான்" என்றேன்.

"உங்களுக்கும் அவருக்கும் ஒரே குரூப்பாக்கா?" என்று கேட்டாள்.

"ஒரே அம்மா" என்றேன்.

ஆகஸ்டில் வா. படியேறி வராதே, முழங்கால் பாவம்.

உன் அக்கா,
தக்காளி